கரையில் ஒருவன், கடலில் ஒருவன்

(காலடிப்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டவன் நான்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். விடியும் முன்னே ஏலத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு மீனவக் குடும்பத்தின் கதையைப் பேசும்போது அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே கையைத் தூக்குங்கள்.

தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதிய 'செம்மீன்' பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நாவல் வந்தது 1956-இல். மறு வருஷமே சாகித்திய அகாதெமி பரிசு. நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி அதைத் தமிழில் கொண்டுவந்தார். 1965-இல் ராமு காரியாட் படமாக எடுத்தார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் தென்னிந்தியப் படம் அது. படம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நாவலைப் படித்தவர்கள் குறைவாக இருக்கலாம். அதனால் கதையையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு பெண், அவள் பொருட்டு இரண்டு ஆண்கள். இது கதை சொல்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பிடித்த அமைப்பு. பெரும்பாலும் என்ன செய்வார்கள்? ஒருவனை வெளிச்சத்தில் நிறுத்துவதற்காக இன்னொருவனை இருட்டாக்குவார்கள். 1874-இல் வெளிவந்த தாமஸ் ஹார்டியின் ஒரு நாவலில் ஒரு பண்ணைக்காரப் பெண்ணைச் சுற்றி மூன்று பேர் வருவார்கள். அவர்களில் பொறுமையான உழைப்பாளியே சரியானவன் என்று அவளுக்குக் கடைசியில் புரியும். நம் தமிழ்த் தொடர்கதைகளிலும் அப்படித்தான். நல்லவன் யார், போலி யார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். கதாநாயகிக்குத் தெரியவரும்வரை கதை ஓடும். தகழிக்கும் இந்த உத்தி தெரியும். இரண்டு ஆண்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஆனால் யார் பக்கம் நிற்பது என்று நம்மை முடிவெடுக்க விடவே மாட்டார். ஏன் விடவில்லை என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

அம்பலப்புழைக்குப் பக்கத்தில் நீர்க்குன்னம் கடற்கரை. அங்கே கருத்தம்மா என்ற பெண். அப்பா செம்பன்குஞ்ஞு, அம்மா சக்கி, தங்கை பஞ்சமி. செம்பன்குஞ்ஞுக்கு வாழ்க்கையில் ஒரே கனவு: சொந்தமாக ஒரு வள்ளமும் வலையும். அதே கரையில் கொட்டகை போட்டு மீன் வாங்கி, காயவைத்து, கருவாடாக விற்கும் இளம் முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி. குல்லாய் போட்டுக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தபடி இந்தக் கரைக்கு வந்த சிறுவன். கருத்தம்மாவோடு சேர்ந்தே வளர்ந்தவன். நாவல் இவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பதில் தொடங்குகிறது. அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார், பணம் போதவில்லை, நீங்கள் கொடுப்பீர்களா என்று விளையாட்டாகக் கேட்கிறாள். அடக்க முடியாமல் இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே காதலும் கடனும் ஒன்றாகப் பிறந்துவிடுகின்றன. முதல் பக்கத்திலேயே இதை வைத்த கையை நான் வணங்குகிறேன்.

பிறகு ஒரு நாள் செம்பன்குஞ்ஞு உண்மையாகவே போய்க் கேட்கிறான். பரீக்குட்டி தருகிறான். கொட்டகையில் இருந்த கருவாட்டை இரவோடு இரவாகக் கூடை கூடையாக எடுத்துக் கொடுக்கிறான். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை.

இங்கே தொழில் தெரிந்தவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முன்பணம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். படகுக்கு வியாபாரி முன்பணம் கொடுத்தால், பிடித்துவரும் மீன் அவருக்குத்தான் போக வேண்டும். கிழக்குக் கரையானாலும் மேற்குக் கரையானாலும் கணக்கு ஒன்றுதான். முன்பணம் மீனைக் கட்டிப்போடும் கயிறு. பரீக்குட்டி அந்தக் கயிற்றைக் கட்டவே இல்லை. புது வள்ளம் முதல் மீன்பாட்டோடு கரைக்கு வருகிறது. மீன் வாங்க ஆசையோடு வந்து நிற்கிறான். செம்பன்குஞ்ஞு அவன் முகத்தைப் பார்த்து, ரொக்கம் இருக்கிறதா என்கிறான். இருந்ததையெல்லாம் அந்த வள்ளத்தில் போட்டவனிடம் ரொக்கம் எங்கே இருக்கும்? மீன் வேறு ஆள் கைக்குப் போகிறது. பரீக்குட்டியின் வியாபாரம் அன்றிலிருந்து சரியத் தொடங்குகிறது.

இதைப் படித்துவிட்டு அவனை ஏமாளி என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், கடலை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெரும் வணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து இந்தக் கரையில் அடங்கினார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அவரை நாம் ஏமாளி என்பதில்லை. பட்டினத்தார் அறிந்து விட்டார். பரீக்குட்டி ஆசையால் விட்டான். வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காமல் இருக்கிற ஒரு வியாபாரியை எழுதுவது சாதாரணக் காரியம் இல்லை. பரீக்குட்டியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவன் பேசுவான், சிரிப்பான், நிலாவில் பாடுவான். அவளுக்காக எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவள் கல்யாணமாகிப் போகும்போதும், இந்தக் கரையில் உட்கார்ந்து உன்னை நினைத்துப் பாடுவேன் என்கிறான். அந்தப் பாட்டு அவளுக்கு என்னென்ன துன்பத்தைக் கொண்டுவரும் என்று அவன் யோசிக்கவில்லை.

இப்போது அடுத்தவன். பழனி. அப்பா இல்லை, அம்மா இல்லை, உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. திருக்குன்னப்புழைக் கரையைச் சேர்ந்தவன். கடலே வளர்த்த பிள்ளை. அமரம் பிடித்தால் வள்ளம் அவன் சொன்னபடி கேட்கும். செம்பன்குஞ்ஞு அவன் துடுப்பு போடுகிற விதத்தைப் பார்த்து மயங்கித்தான் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போடுகிறான். கவனியுங்கள், மகளுக்கு மாப்பிள்ளை தேடி அவன் போகவில்லை. தன் வள்ளத்துக்கு ஆள் தேடினான். அப்பன் ஆயி இல்லாத பையன், கட்டிவைத்தால் நம் வீட்டோடு இருந்துவிடுவான் என்று ஒரு கணக்குப் போட்டான்.

அந்தக் கணக்கு கல்யாணத்தன்றே பொய்த்துவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பேச்சு தடிக்கிறது, கருத்தம்மாவின் பழைய கதையை யாரோ இழுக்கிறார்கள், சக்கி மயங்கி விழுகிறாள். மகள் இங்கேயே இருக்கட்டும் என்கிறான் செம்பன்குஞ்ஞு. பழனி தன் கரைக்கே கூட்டிப்போவேன் என்று நிற்கிறான். கருத்தம்மா, படுத்துக்கிடக்கும் தாயை விட்டு அவனோடு கிளம்புகிறாள். நீ என் மகளே இல்லை என்று அப்பன் தலைமுழுகுகிறான்.

பழனி அதிகம் பேச மாட்டான். அவனுடைய காதல் என்ன என்பதை நாவல் அவன் வாயால் சொல்லவைக்காது. நாம்தான் அவன் செய்கைகளிலிருந்து சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தம்மாவைப் பற்றிக் கரையில் பேச்சு கிளம்புகிறது. கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்பது அந்த நாவலின் உலகத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். மனைவி தவறினால் கடலம்மா புருஷனை விழுங்கிவிடுவாள். அப்படிப்பட்ட பெண்ணின் புருஷனோடு ஒரே வள்ளத்தில் போவது ஆபத்து என்று கூட்டாளிகள் ஒதுங்குகிறார்கள். ஒரு நாள் அமரத்தில் இருந்த பழனி ஆத்திரத்தில் வள்ளத்தை ஆழ்கடலை நோக்கி வெறிபிடித்தவன் போல ஓட்டுகிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் ஏற்றிக்கொள்வதில்லை. அவ்வளவு பெரிய அமரக்காரன், சின்னத் தோணியில் தனியாகத் தூண்டில் போடப் போகிறான்.

நான் இந்த நாவலை எத்தனை முறை புரட்டினாலும் நின்றுவிடுகிற இடம் இதுதான். பழனிக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பெண்டாட்டியை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மறுநாளே வள்ளத்தில் இடம் கிடைத்திருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. மனதுக்குள் சந்தேகம் அரித்துக்கொண்டிருக்கும்போதே, ஊருக்கு முன்னால் அவள் பக்கம் நின்றான். அமரத்தையே இழந்தான்.

இப்போது இரண்டு பேரையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவன் கரைக்காரன், மற்றவன் கடல்காரன். ஒருவனுக்குக் குடும்பம், மதம், வியாபாரம் எல்லாம் உண்டு. மற்றவனுக்கு இரண்டு கைகளைத் தவிர எதுவும் இல்லை. ஒருவன் பாடுகிறான், ஒருவன் வாயே திறப்பதில்லை. இவ்வளவு வித்தியாசமாகச் செதுக்கிய இருவருக்கும் தகழி ஒரே விதியைக் கொடுத்திருக்கிறார். கருத்தம்மாவின் பொருட்டு பரீக்குட்டி முதலை இழந்தான், பழனி தொழிலை இழந்தான். இருவரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்த கை ஒன்றுதான். செம்பன்குஞ்ஞுவின் கை. ஒருவனுடைய பணத்தை எடுத்துக்கொண்டு திருப்பவில்லை. இன்னொருவனுடைய உழைப்பை மாப்பிள்ளை என்ற பெயரில் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியாதபோது உதறினான். காதல் போட்டி என்று நாம் நினைத்துப் படிக்கிற கதைக்கு அடியில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கிறது. பரீக்குட்டியும் பழனியும் ஒருவருக்கொருவர் எதிரிகள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஆளிடம் ஏமாந்த இரண்டு பேர் அவர்கள். அது அவர்களுக்கே தெரியாமல் போனதுதான் கொடுமை.

செம்பன்குஞ்ஞுவையும் நான் வில்லன் என்று சொல்ல மாட்டேன். கரைத் தலைவனான துறையரயனுடைய அனுமதி இல்லாமல் ஒருவன் வள்ளம் வாங்கிவிட முடியாத கரை அது. அடுத்தவன் வள்ளத்திலேயே காலமெல்லாம் துடுப்பு போட்டவனுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற வேட்கை வருவதில் என்ன தப்பு? தகழி அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். கடன் வாங்கினவர்களையும் கொடுத்தவர்களையும் நாள்தோறும் பார்த்தவர். கடன் ஒரு மனிதனை எப்படி உள்ளிருந்து மாற்றுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

சரி, கருத்தம்மா? அவளை யாராவது ஏதாவது கேட்டார்களா? அப்பன் கேட்கவில்லை. பரீக்குட்டி கேட்கவில்லை. பழனியும் முன்னாலேயே கேட்கவில்லை. காலம் கடந்துதான் கேட்டான். சக்கி ஒருத்திதான் மகள் மனதை அறிந்தவள். அவளும் சாகும்போது பரீக்குட்டியை அழைத்து, கருத்தம்மாவுக்கு நீ அண்ணனாக இரு என்று வாக்குக் கேட்கிறாள். காதலித்தவனை அண்ணனாக்கினால் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு தாய் நினைக்கிறாள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான், சக்கி இறந்த சேதியைச் சொல்ல அவன் திருக்குன்னப்புழைக்குப் போகிறான். போனதுதான் பழனியின் மனதில் முள்ளாகிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் ஒவ்வொன்றும் கருத்தம்மாவின் தலையில்தான் வந்து விழுகிறது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மீன் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தப் பார்க்கிறாள். கூட விற்கிற பெண்களின் வாயும் அவளை விடுவதில்லை.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. திருவொற்றியூர்க் கோயிலில் மகிழ மரத்தடியில் என்ன நடந்தது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். சங்கிலியார் பூத்தொண்டு செய்துகொண்டிருந்த பெண். சுந்தரர் அவரைப் பார்த்து, மனம் பறிகொடுத்து, உன்னைப் பிரியேன் என்று மகிழடியில் சத்தியம் செய்து மணந்தார். திருவாரூர் நினைவு வந்தது. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதுமே இரு கண்ணும் பார்வை இழந்தன. சேக்கிழார் சொல்கிற கதை. மாசி உற்சவத்தில் மகிழடி சேவையை இன்றும் நடத்துகிறோம். வாக்குத் தவறினால் தண்டனை ஆணுக்கு. அதுவும் இறைவனுடைய தோழனுக்கே. இதே கடலின் ஓரத்தில் அப்படி ஒரு நியாயம் சொல்லப்பட்டிருக்கிறது. 'செம்மீன்' கரையில் மொத்தப் பாரத்தையும் பெண் சுமக்கிறாள். ஆண் நூறு முறை தவறினாலும் அவனுடைய மனைவிக்கு எந்த அலையும் வருவதில்லை. இந்த ஒருதலை நியாயத்தைத் தகழி ஏற்றுக்கொண்டாரா, எடுத்துக்காட்டினாரா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எடுத்துக்காட்டினார் என்றே நான் படிக்கிறேன். இரண்டு நல்ல ஆண்களை இரு பக்கமும் நிறுத்திவிட்டு, அந்த நம்பிக்கை மூன்று பேரையும் எப்படி வாரிக்கொண்டு போகிறது என்று காட்டுகிறார். இருவரில் ஒருவன் கெட்டவனாக இருந்திருந்தால் பழியை அவன் மேல் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

படம் இந்தச் சமநிலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நான் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறவன். மார்கஸ் பார்ட்லியின் கேமரா கடலைக் காட்டிய விதத்துக்கு ஈடாக அதற்கு முன்னால் நம் பக்கத்துப் படங்களில் எதுவும் இல்லை. ஆனால் சலில் சௌத்ரி இசையில் மன்னா டே பாடிய அந்தச் சோகப் பாட்டு, பரீக்குட்டியாக வந்த மதுவை எல்லோருடைய நெஞ்சிலும் உட்காரவைத்துவிட்டது. பாட்டு உள்ளவனுக்குக் கண்ணீர் சுலபமாகக் கிடைக்கும். சத்யன் பழனியாக எவ்வளவோ அடக்கமாக நடித்தார். அன்றைய மலையாளத்தின் மிகப் பெரிய நடிகர், வாய் திறக்காத புருஷன் வேடத்தை ஏற்றுக்கொண்டதே ஒரு பெருமை. இருந்தும் அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் முணுமுணுத்தது பரீக்குட்டியின் பாட்டை. நாவலுக்கு ராகம் கிடையாது. அங்கே இருவருக்கும் சமமான இடம் இருக்கிறது. அதற்காகவே நாவலைப் படியுங்கள் என்கிறேன்.

கடைசி இரவுக்கு வருவோம். பஞ்சமி சித்தியின் கொடுமை தாங்காமல் அக்காவிடம் வந்துவிடுகிறாள். சக்கி போனபின் செம்பன்குஞ்ஞு மறுகல்யாணம் செய்திருந்தான். அக்காவும் தங்கையும் ஊர்க்கதை பேசுகிறார்கள். பரீக்குட்டியின் பேச்சு வருகிறது. அது பழனி காதில் விழுகிறது. அன்றுதான் அவன் நேராகக் கேட்கிறான். அன்றைக்கு அவளும் மறைக்கவில்லை. அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு இருட்டில் தோணியைத் தள்ளுகிறான். பரீக்குட்டி வருகிறான். கருத்தம்மா இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் அன்று உடைகிறது. கடலில் பழனியின் தூண்டிலில் பெரிய சுறா மாட்டுகிறது. அது இழுக்கிறது, இவன் விடவில்லை. சுழலில் சிக்கும்போது அவன் கூப்பிடும் பெயர் கருத்தம்மா.

இதில் என்னைத் திகைக்கவைப்பது ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு ஆண்களும் அவளைக் கூப்பிடுகிறார்கள், ஒருவன் கரையிலிருந்து, ஒருவன் கடலிலிருந்து. அவள் ஒருவனுக்குத்தான் பதில் சொல்ல முடியும். வாழ்நாளில் முதன்முறையாக அவளே முடிவெடுத்தாள். அந்த முடிவைப் பாவம் என்று சொல்லத் தகழி நம்மைத் தூண்டவில்லை. புண்ணியம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கட்டித் தழுவியபடி இரண்டு உடல்கள் ஒதுங்கின. தூண்டில் விழுங்கிய சுறா வேறொரு கரையில் ஒதுங்கியது. பழனியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பரீக்குட்டிக்குச் சாவிலாவது கூட ஒரு ஆள் கிடைத்தது. யாருமில்லாமல் பிறந்தவனுக்கு அதுவும் இல்லை. எனக்கு மனம் கொஞ்சம் பழனி பக்கம் சாய்வது இதனால்தான். ஒருவேளை இங்கிருக்கும் தாய்மார்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

அதைத்தான் இப்போது கேட்கப்போகிறேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் புத்தகத்தில் பதில் கிடையாது. ஒன்று, சுறா மாட்டித் தோணியை இழுக்கும்போது தூண்டில் கயிற்றை எந்த நிலையில் விட்டுவிட வேண்டும், பழனி மாதிரித் தேர்ந்த ஆள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நடக்கக்கூடியதா என்பது. வருஷக்கணக்காகத் தூண்டில் போட்டவர்கள் சொல்லுங்கள். இரண்டாவது, புருஷன் கடலில் இருக்கும் நேரத்தில் நடு ராத்திரியில் எழுந்து ஏலத்துக்குப் போய், மீன் எடுத்து, பஸ் பிடித்துத் தெருத்தெருவாக விற்று, சீட்டுப் பணம் கட்டிக் குடும்பம் நடத்துகிற அக்காமார்கள், கருத்தம்மாவின் கரையில் இருந்த அந்த நம்பிக்கையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது. உங்கள் அம்மா, பாட்டி அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மைக்கை முதலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் கொடுங்கள் தம்பி.